பதினைந்து எண்ணையும் பில்லில் எழுதுங்கள்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பழைய செல்போன் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள கடைக்கார அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,

எட்டுக்குப் பத்தில் ஒரு கடை. முன்னால் கண்ணாடிப் பெட்டி, மேலே டெம்பர் கிளாசும் பவுச்சும் தொங்கும் கம்பி, ஓரத்தில் சூடு வைக்கும் மெஷினோடு ஒரு மேசை. பெரம்பலூர் பாலக்கரையிலும் பழைய பஸ் ஸ்டாண்டிலும், அரியலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும், ஜெயங்கொண்டம் நாலு ரோட்டிலும், செந்துறை, குன்னம், வேப்பந்தட்டை, திருமானூர் கடைத்தெருக்களிலும் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெரிய ஷோரூம்காரர்களுக்கு எழுதவில்லை. கையில் மூவாயிரமோ நாலாயிரமோ வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஷோரூம் படி ஏறுவதில்லை. உங்களிடம்தான் வருகிறார்கள்.

அப்படி வந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். போன புரட்டாசியில், மாட்டுக்குக் கழுநீர் கலக்கக் குனிந்தபோது முந்தானை முடிச்சில் இருந்த போன் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. தவிடும் புண்ணாக்கும் கரைந்த தண்ணீர். முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தார். திரையில் வெளிச்சம் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து, சேலையில் துடைத்துவிட்டுச் சார்ஜ் போட்டார். அதோடு அணைந்ததுதான். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு ராத்திரி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தோம். மூன்றாம் நாள் ஜெயங்கொண்டத்தில் ஒரு சர்வீஸ் தம்பி பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். சார்ஜிங் பக்கம் போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. “அரிசியெல்லாம் ஒண்ணும் பண்ணாதுக்கா. விழுந்த உடனே ஆஃப் பண்ணி, சார்ஜ் போடாம கொண்டாந்திருந்தீங்கன்னா கழுவிக் குடுத்திருப்பேன். இப்ப போர்டே போயிடுச்சு. அதை மாத்துற காசுக்கு வேற செட்டே வாங்கிடலாம்” என்றார். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. அந்தத் தம்பியைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்கிறேன்.

ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். 2023-ல் ஜியோ 999 ரூபாய்க்கே 4ஜி பட்டன் போன் கொண்டுவந்தது. பேச மட்டும் என்றால் அது போதும். ஆனால் என் தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் முகத்தைப் பார்த்தால்தான் அம்மாவுக்கு அந்த வாரம் முடியும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் போனில் பெயர்கள் கிடையாது, படங்கள்தான். என் படத்தைத் தொட்டால் எனக்கு மணி அடிக்கும். பசுமாட்டுப் படம் பால் சங்கத்துக்கு. வேப்பமரம் மேலத்தெரு அத்தைக்கு. இந்தப் படங்களை வைத்துத்தான் அவர் ஒரு வீட்டையும் நாலு மாட்டையும் நடத்துகிறார். நம் இரண்டு மாவட்டத்திலும் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று உங்களைவிட யாருக்கும் அதிகம் தெரியாது. லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகள், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காட்டு வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போனவர்களின் வீடுகள், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் போன் பூட்டுகிற பெண்களின் வீடுகள், எல்லாவற்றிலும் ஒரு தாய் அல்லது தகப்பன் கையில் கீறல் விழுந்த ஒரு பழைய செட்டுதான் இருக்கிறது. பிள்ளைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள பாலம் அது ஒன்றுதான். அது உடைந்தால் அன்றைக்கே இன்னொன்று வேண்டும். ஆசைக்கு வாங்குகிறவன் ஆடி வரைக்கும் காத்திருப்பான். அவசரத்துக்கு வாங்குகிறவர் காத்திருக்க முடியாது. உங்கள் கடையில் பேரம் பேசி நிற்கும் பெரும்பாலானவர்கள் அந்த இரண்டாவது வகை என்பதை முதலில் உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். பெரம்பலூரில் ஆரம்பித்து, அங்கே அமையாமல் அரியலூருக்கும் போய், பத்து மணியிலிருந்து நாலு மணி வரை ஏழு கடை ஏறி இறங்கினோம். புது டச் போன் எல்லாம் ஏழாயிரத்துக்கு மேலே இருந்தன. அம்மாவிடம் இருந்தது பால் பணம் நாலாயிரம். ஏழாவதாகப் போன கடையில் ஒரு செட்டைத் தூக்கிக் காட்டினார்கள். திரை பளபளவென்று இருந்தது, பவுச்சு புதுசு. நாலாயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்து 3,800-க்கு முடிந்தது. அம்மா நூறு நூறு ரூபாய்த் தாளாக எண்ணிக் கொடுத்தார். நான் பில் கேட்டேன். கடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “செகண்ட்ஸ் செட்டுக்கு யாருக்கா பில்லு தருவாங்க? எல்லாம் ஒரு நம்பிக்கைதான்” என்றார். அந்த ஊரையும் கடையையும் நான் சொல்லப் போவதில்லை. அந்த வாசகத்தை நான் ஏறி இறங்கிய ஏழு கடைகளில் நாலு கடைகளில் கேட்டேன் என்பதால், இது ஒருவர் மேல் போடும் குற்றம் இல்லை.

இருபத்தாறாம் நாள் ஒரு அழைப்பு வந்தது. அம்மாதான் எடுத்தார். வேறொரு மாவட்டத்துக் காவல் நிலையத்திலிருந்து பேசினார்கள். “நீங்க வச்சிருக்கிற போன் திருட்டுப் போனது. உங்க சிம்மு அதுல ஓடுது. கொண்டாந்து ஒப்படைங்க.” தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. நான் வீடு வந்து சேர்ந்தபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போனைக் கையில் வைத்திருக்கப் பிடிக்காமல் எட்ட, உரல் மேல் வைத்திருந்தார். “நான் யாரு பொருளையும் எடுத்ததில்லையே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அறுபத்திரண்டு வயதில், போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்திராத ஒரு மனுஷி. எதிர்வீட்டுக்காரர் என்ன விஷயம் என்று கேட்டபோது உள்ளே எழுந்து போய்விட்டார்.

காவலர்கள் தன்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்து நிலையத்திலேயே கொடுத்துவிடச் சொன்னார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. போனைத் தொலைத்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் என்றும், பஸ்ஸில் போனது என்றும் சொன்னார்கள். “அந்தப் புள்ள எவ்வளவு அழுதுச்சோ” என்றார் அம்மா. நான் மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். “எங்க கடையிலதான் வாங்குனீங்கன்னு என்ன ஆதாரம்?” என்று கேட்டார்கள். ஆதாரம் இல்லை. நம்பிக்கை மட்டும்தான் இருந்தது.

உங்களிடம் நான் பேச விரும்புவது இந்த இடத்தில்தான். அந்தப் போலீஸ்காரருக்கு என் அம்மாவின் எண் எப்படிக் கிடைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு செட்டுக்கும் பதினைந்து இலக்கத்தில் ஐஎம்இஐ எண் இருக்கிறது, இரண்டு சிம் போடும் செட்டுக்கு இரண்டு. போன் தொலைந்தவர் போலீசில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் பதிந்தால், அந்தச் செட்டு எந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கிலும் ஓடாதபடி அடைக்க முடியும். நாட்டின் எந்த மூலையில் யார் அதில் சிம் போட்டாலும் அந்த விவரம் காவல் நிலையத்துக்குப் போகும். 2023 மே மாதத்திலிருந்து இது நாடு முழுவதற்கும் இருக்கிறது. முன்பு திருட்டுச் செட்டு கை மாறிவிட்டால் தடயம் இல்லாமல் போய்விடும். இப்போது அப்படி இல்லை. திருடியவன் விற்றுவிட்டுப் போய்விடுகிறான், நீங்கள் விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறீர்கள். கடைசியாகச் சிம் போட்டவர் யாரோ, அவர் வீட்டில்தான் மணி அடிக்கிறது. அந்தக் கடைசி ஆள் எப்போதும் ஏழையாக இருக்கிறார்.

அதைத் தடுக்க உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று *#06# அழுத்தினால் எண் வந்துவிடும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டு, ஓர் இடம் விட்டு, அந்தப் பதினைந்து எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது எந்தக் கம்பெனி, என்ன மாடல், தடை செய்யப்பட்டதா, ஒரே எண் பல செட்டுகளில் ஓடுகிறதா என்று பதில் வந்துவிடும். சஞ்சார் சாத்தி செயலியிலும் பார்க்கலாம். திரையில் வரும் எண்ணும், பெட்டியிலோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் கண்ணுக்குப் பழக்கமான வேலை. இதையெல்லாம் செய்யத் தெரியாதவர்கள் நாங்கள்தான். நீங்கள் இல்லை.

பதினைந்தாயிரம் ரூபாய்ச் செட்டை, பெட்டி இல்லாமல், பில் இல்லாமல், சார்ஜர் இல்லாமல், ஸ்கிரீன் லாக்கை எடுக்கத் தெரியாமல் ஒரு பையன் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுவந்து நீட்டும்போது, அது எப்படி வந்தது என்று உங்கள் மனசுக்குத் தெரியாதா? திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் மட்டுமல்ல, அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் வாங்கினாலும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு அதற்கு 3 ஆண்டு வரை சிறை சொல்கிறது. எண்ணையே அழித்து வேறு எண் ஏற்றுகிறவர்களுக்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. உங்களில் பெரும்பாலோர் அந்த வேலைக்குப் போகாதவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையன் ஒரு கடையில் மறுத்தால் அடுத்த கடைக்குப் போகிறான். அடுத்த கடையும் அதற்கடுத்த கடையும் மறுத்தால் மட்டுமே கல்லூரிப் பெண்ணின் போனை பஸ்ஸில் உருவுகிறவனுக்கு அதை விற்க இடம் இல்லாமல் போகும்.

பில்லைப் பற்றி நீங்கள் சொல்லும் காரணங்களையும் நான் கேட்டிருக்கிறேன். பில் போட்டால் வரி என்கிறீர்கள். ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் பொருள் விற்கும் சிறு கடைக்காரர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. அதற்கு மேல் போய்ப் பதிவு செய்தவருக்கும், பழைய பொருளை வாங்கி அப்படியே விற்றால் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட ஜிஎஸ்டி விதி 32(5) வழி வைத்திருக்கிறது. 3,000-க்கு வாங்கி 3,800-க்கு விற்றால் அந்த 800-க்குத்தான் கணக்கு. பில் என்றால் கம்ப்யூட்டரில் அடித்து வர வேண்டும் என்றும் இல்லை. கடை முத்திரை போட்ட ஒரு துண்டுச் சீட்டு போதும்.

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கு பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறது. பழுதான பொருளை, பில்லில் போட்ட நாளுக்குள், நாள் எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் கொடுக்க மறுப்பதும் அதே வகைதான். பழையதைப் புதுப்பித்துப் புதுசு என்று சொல்லி விற்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது’ என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டைக்கு அந்தச் சட்டத்துக்கு முன்னால் பலம் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணமும் கிடையாது. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. மாடு கறந்து சங்கத்தில் ஊற்றுகிற பெண் 3,800 ரூபாய்க்காக ஆணையத்துக்கு நடக்க மாட்டார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் சட்டத்திடம் போகாமல் உங்களிடம் எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் பார்க்காமல் இல்லை. கடை வாடகையும் கரண்டு பில்லும் மாதம் தவறாமல் வருகிறது. ஆன்லைனில் தள்ளுபடி போட்டால் அன்றைக்கு நீங்கள் கல்லாவில் ஈ ஓட்டுகிறீர்கள். நூறு ரூபாய் டெம்பருக்கு ஐம்பது கேட்டு அரை மணி நேரம் நிற்கிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தில் விட்டு நசுக்கியதைக் கொண்டுவந்து “சும்மாதான் இருந்துச்சு, தானா போயிடுச்சு” என்று சாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கைத்தொழில் சாதாரணமானது இல்லை. அரியலூர் சிமென்ட் லாரி ஓட்டுகிறவர்களின் போனைத் திறந்தால் ஸ்பீக்கர் வலையிலும் சார்ஜிங் பின்னிலும் சாம்பல் நிறத்தில் தூள் இறுகிப் போயிருக்கும். அதை ஊசி முனையாலும் பிரஷ்ஷாலும் நோண்டி எடுத்து மறுபடியும் பேச வைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரம்பலூரில் சின்ன வெங்காயம் அறுக்கிற காலத்தில், வரப்பு மேல் வெயிலில் கிடந்து பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு வருகிற செட்டுகளை, வெடித்துவிடுமோ என்ற பயத்தோடேயே நீங்கள் கழற்றுகிறீர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் பூதக்கண்ணாடிக்குக் கீழே எறும்பு முட்டை அளவு ஐசியை எடுத்து மாற்றுகிறார்கள். இதெல்லாம் தெரிந்த ஒருவர், தான் விற்கிற செட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது என்று சொன்னால் நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

அம்மாவுக்கு விற்ற அந்தச் செட்டு திருட்டாக இல்லாமல் இருந்திருந்தாலும் நல்ல செட்டு இல்லை என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். பளபளவென்று இருந்த திரை காப்பி டிஸ்ப்ளே. வெயிலில் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் தொட்டால் வேலை செய்யாது. காலையில் நூறு சதவீதம் காட்டும் பேட்டரி மதியத்துக்குள் பதினைந்துக்கு விழுந்துவிடும். சிம் தட்டை உருவிப் பார்த்தால் உள்ளே இருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருந்தது, அதாவது தண்ணீர் குடித்த செட்டு. தண்ணீரில் விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, தண்ணீரில் விழுந்த இன்னொன்றைத்தான் காசு கொடுத்து வாங்கியிருந்தோம்.

டிஸ்ப்ளே மாற்றியதை விற்பது தப்பு இல்லை. பேட்டரி பலவீனமான செட்டை விற்பதும் தப்பு இல்லை. மூவாயிரம் ரூபாய்க்கு யாரும் புதுசு கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிய வேண்டியது, எது நல்லது எது கெட்டது என்பது மட்டும்தான். “டிஸ்ப்ளே காப்பிதாம்மா, வெயில்ல கொஞ்சம் மங்கும், அதனாலதான் ஐந்நூறு குறைச்சுத் தரேன்” என்று நீங்கள் சொன்னால் அம்மா அதையும் வாங்கியிருப்பார். தெரிந்து வாங்கினால் அது மலிவு. தெரியாமல் வாங்கினால் அது நஷ்டம்.

சிம்மைப் பற்றியும் நீங்களே கேட்டுச் சொல்ல வேண்டும். ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. 4ஜியில் குரல் அழைப்பு வராத பழைய செட்டில் அந்தச் சிம்மைப் போட்டால் பேசவே முடியாது. பிஎஸ்என்எல் தன் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. நீங்கள் பேண்டு 28 என்பீர்களே, அதுதான். பழைய செட்டு பலவற்றில் அது இல்லை. டவருக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் கடையில் நாலு கோடு காட்டும் செட்டு, கொட்டகைக்குள் போனால் செத்துவிடும். ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே வாட்ஸ்அப் ஓடாது. 8 ஜிபி மெமரி உள்ள செட்டை வீடியோ பேசுகிறவருக்குக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் நிரம்பிவிடும். தவணையில் எடுத்துக் கட்டாமல் விட்ட செட்டைப் பைனான்ஸ்காரர் எங்கிருந்தோ பூட்டிவிடக்கூடும். பழைய ஆளின் கூகுள் கணக்கை எடுக்காமல் விட்டால், என்றைக்காவது ரீசெட் செய்யும்போது அது அவருடைய பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடும். “என்ன சிம்மு போடுவீங்க, எந்த ஊரு, எதுக்கு வேணும்” என்று மூன்று கேள்வி கேட்டால் இதில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பதற்கு முன்னால் சாப்பாட்டைக் கேட்பார் இல்லையா, அது மாதிரி.

இப்போது ஜெயங்கொண்டத்துத் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாம் நடந்து முடிந்த பிறகு மறுபடியும் அவரிடம் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு செட்டு இருந்தது. அம்மா ஒன்றைக் காட்டினார். அவர் எடுக்கவே இல்லை. “அது ரெண்டும் இன்னும் செக் பண்ணலம்மா. உங்களுக்குக் குடுக்க மாட்டேன். பத்து நாள் கழிச்சு நானே கூப்பிடறேன்” என்றார். பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டார். தெரிந்த ஒருவர் புதுசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போன செட்டு. எங்கள் கண் முன்னால் 14422-க்கு எஸ்எம்எஸ் போட்டு, வந்த பதிலை எனக்குப் படிக்கக் கொடுத்தார். அம்மாவின் எதிரிலேயே பழைய ஆளின் கணக்கை எடுத்துவிட்டு ரீசெட் செய்தார். அம்மாவின் சிம்மைப் போட்டு எனக்கு ஒரு கால், சிங்கப்பூருக்கு ஒரு வீடியோ கால் பேச வைத்தார். என் தம்பி அங்கே சாரத்துக்குக் கீழே ஹெல்மெட்டோடு நின்று சிரித்தான். பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்து, எந்தப் படம் யாருக்கு என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு, பசுமாட்டையும் வேப்பமரத்தையும் அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தார். விலை 4,200. நாங்கள் ஏமாந்த கடையைவிட நானூறு ரூபாய் கூடுதல். அம்மா ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை.

அதோடு கோடு போட்ட நோட்டுத் தாளில் அவர் எழுதிக் கொடுத்தது இதுதான்: பழைய செட்டு. டிஸ்ப்ளே கம்பெனியுடையது. பேட்டரி நான் மாற்றியது. தண்ணீர் படவில்லை. வாங்கிய தேதி, விலை. ஐஎம்இஐ எண் இரண்டும். ஏழு நாளுக்குள் திருப்தி இல்லை என்றால் முழுப் பணம், ஒரு மாதத்துக்குள் ரிப்பேர் வந்தால் கூலி இல்லை. கீழே கடை முத்திரை, கையெழுத்து. அம்மா அந்தத் தாளை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாது. ஆனால் எண் பதினைந்து இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டதால், விரலை வைத்து ஒன்று இரண்டு என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மடித்தார்.

நான் உங்களிடம் கேட்பது அந்தத் தாளைத்தான். முன்பின் தெரியாதவரிடம் செட்டு வாங்கும்போது அவருடைய அடையாள அட்டையின் நகலையும் போன் எண்ணையும் ஒரு நோட்டில் பதியுங்கள். அவர் தயங்கினால் வாங்காதீர்கள். விற்பதற்கு முன்னால் வாங்குகிறவரின் கண் எதிரே 14422-க்கு அனுப்பிக் காட்டுங்கள். டிஸ்ப்ளே, பேட்டரி, போர்டு, தண்ணீர் என்று உங்களுக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்லுங்கள், சொன்னதை எழுதுங்கள். அவர்களுடைய சிம்மைப் போட்டுப் பேச வையுங்கள். ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். வீட்டுக்குப் போய்க் கொட்டகையிலும் வயலிலும் வைத்துப் பார்த்தால்தான் ஒரு செட்டின் குணம் தெரியும். அவர்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய செட்டையும் அவர்கள் முன்னாலேயே அழித்துக் காட்டுங்கள். அதற்குள் பேரப்பிள்ளையின் படமும் பாங்கி மெசேஜும் இருக்கின்றன. இதற்கெல்லாம் கூடுதலாக இருநூறு முந்நூறு ஆகிறது என்றால் கேட்டு வாங்குங்கள். எங்கள் ஆட்கள் கொடுப்பார்கள். மேலத்தெரு அத்தை உட்பட எங்கள் ஊரிலிருந்து இதுவரை ஐந்து பேர் ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். நடுவில் எத்தனையோ கடைகளைத் தாண்டித்தான் போகிறார்கள்.

ஒவ்வொரு ஊரிலும் நீங்கள் ஒருவருக்கொருவர் பழக்கமானவர்கள்தான். ஒருவரிடம் இல்லாத ஸ்பேரை அடுத்த கடையில் கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள். சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரே ஆளைச் சேர்ந்து அனுப்பிச் சரக்கு எடுக்கிறீர்கள். அதே மாதிரி சேர்ந்து பேசி, வருகிற ஆடி ஒன்றாம் தேதியிலிருந்து பில் இல்லாமல், எண் எழுதாமல் ஒரு பழைய செட்டும் கைமாறாது என்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் முடிவெடுங்கள். தள்ளுபடி அட்டை தொங்கவிடும் கம்பியில் ‘எங்களிடம் பழைய செட்டுக்கும் பில் உண்டு’ என்று ஒரு அட்டையையும் சேர்த்துத் தொங்கவிடுங்கள்.

எங்கள் தெருவிலிருந்து இந்த மாதம் இன்னும் இரண்டு பேர் உங்கள் பக்கம் வரப்போகிறார்கள். ஒருவர் கடலை பறிக்கப் போகிறவர், இன்னொருவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இரண்டு பேரும் கைநாட்டு. ஐஎம்இஐ என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டதில்லை, பில் கேட்கவும் கூச்சப்படுவார்கள். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். கேட்காமலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பால்காரம்மாவின் மகள்,
ஜெயங்கொண்டம் வட்டம், அரியலூர் மாவட்டம்